மாமி, உங்கள் பயற்றங்கொடியை மாடு தின்றுவிட்டது

என் அன்புக்குரிய மாமி,

முதலில் ஒரு வேண்டுகோள். இதைக் கோபிக்காமல் வாசியுங்கள். நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் கோபம் என்ற ஒன்றே கிடையாது என்று உங்கள் அடக்க ஆராதனையில் பாஸ்டர் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு உங்களை நினைத்துக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. கோபமே இல்லாத இடத்தில் மாமி எப்படிப் பொழுதுபோக்கப் போகிறா?

நீங்கள் போனபிறகு இங்கே நடந்தவற்றை யாராவது உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் மகள் எஸ்தர் சொன்னால் எல்லாரையும் நல்லவர்களாக்கிவிடுவாள். கொழும்பில் வேலை செய்யும் உங்கள் பேத்தி சொன்னால் சிரித்துச் சிரித்தே பாதியை விழுங்கிவிடுவாள். அதனால் நானே எழுதுகிறேன். குற்றவாளியே எழுதினால் விபரங்களில் பிழை வராது அல்லவா?

இந்தக் கடிதத்தை எங்கள் சபை மலரில் போடுகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். ஆகவே உங்களைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள். அவர்களுக்காக இடையிடையே உங்களுக்குத் தெரிந்த கதைகளையும் சொல்லுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பாஸ்டர் இதில் எதையும் வெட்டக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுக்கிறேன். அதற்குக் காரணம் பின்னால் வரும்.

நான் பூவரசங்குளத்தில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். கடைக்குப் பம்பு கொண்டுவருகிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். முகம் சரியாக இருந்தால்தான் சைக்கிளிலிருந்து பம்பை இறக்குவார்கள். சரியில்லை என்றால், "அண்ணை, சும்மா இதால போனனான்" என்று சொல்லிவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட மனுசனுக்கு நீங்கள் மகளைக் கட்டிக்கொடுத்தீர்கள். கொடுத்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவந்தது. பிறகு என்ன செய்கிறது?

மருமகனை முகத்துக்கு நேரே ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தில் வளர்ந்தவர் நீங்கள். "வாங்கோ தம்பி, சாப்பிடுங்கோ தம்பி" என்பதற்கு மேலே பகலில் உங்களிடமிருந்து எனக்கு வார்த்தை வந்தது கிடையாது. ஆனால் பின்னேரம் குடும்ப ஜெபத்துக்குப் பாயை விரித்து எல்லாரும் கண்ணை மூடியதும் நீங்கள் தொடங்குவீர்கள்.

"ஆண்டவரே, இந்த வீட்டில ஒரு மனுசன் இருக்கிறார். நல்ல மனுசன்தான், குறை சொல்லேல்லை. ஆனா இண்டைக்குக் காலமை மீன்காரனோட சண்டை பிடிச்சு, வாங்கின மீனையும் அங்கையே வைச்சிட்டு வெறுங்கையோட வந்திட்டார். நாங்கள் பருப்போட சாப்பிட்டம். அதுக்கும் ஸ்தோத்திரம். அவரின்ரை வாயில நீர்தான் ஒரு காவலைப் போடவேணும்."

கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறவன் என்ன பதில் சொல்லுவது? குறுக்கே பேசினால் அது மாமியோடு வாய் காட்டியதாகாது, கடவுளோடு நடக்கிற பேச்சுக்குள் புகுந்ததாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டு, கடைசியில் நானும் சேர்ந்து "ஆமென்" என்று வேறு சொல்ல வேண்டும். என் மேல் போட்ட வழக்குக்கு நானே கையெழுத்து வைக்கிற மாதிரி. இப்படியே எத்தனை வருடம், மாமி! மறுநாள் நான் வேண்டுமென்றே உங்களுக்குப் பிடிக்காத ஏதாவது ஒன்றைச் செய்வேன். பின்னேரம் அதுவும் ஆண்டவரிடம் போகும். நம் இரண்டு பேருக்கும் இடையில் கடவுளுக்கு ஓய்வே இருந்திருக்காது.

மாரி தொடங்குவதற்குச் சற்று முன்பு, ஒரு காலையில், நீங்கள் கிணற்றடியில் உங்கள் பயற்றம் பாத்திக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தீர்கள். எஸ்தர் தேத்தண்ணியோடு வந்தபோது நீங்கள் போய்விட்டீர்கள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்தது. வந்த சனம் போனது. ஜெபப் பாயை எஸ்தர் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் வைத்தாள். அடுத்த நாள் விடிய நான் கடைக்குப் போகமுன் உங்கள் பாத்திக்குத் தண்ணீர் விட்டேன். ஒருவரும் கேட்கவில்லை, நானாகத்தான் விட்டேன். அதற்கடுத்த நாளும் விட்டேன். எஸ்தர் ஒருநாள் குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஏன் விட்டேன் என்று என்னிடம் கேட்காதேயுங்கள். உயிரோடு இருந்தபோது உங்களுக்கு ஒரு வாளி தண்ணீர் அள்ளித் தந்தவனில்லை நான்.

கொடி நன்றாகப் படர்ந்து பூவும் வைத்தது. அப்போதுதான் ஒரு காலை, தில்லையம்பலத்தாரின் மாடு வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்தது.

உங்களுக்குத் தில்லையம்பலத்தாரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன்: மேற்கு வேலிக்கு அப்பால் இருக்கிறவர். சின்ன வயதில் தகப்பனோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக் காணியில் குடியேறி, இன்றுவரை வயல் செய்கிறார். மனைவி இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். ஒரு முழங்கால் நோவு, ஒரு பசுமாடு, வளவு மூலையில் மரத்தடியில் ஒரு வைரவர் சூலம், இவைதான் அவருடைய குடும்பம்.

நான் கிணற்றடிக்குப் போனபோது மாடு உங்கள் பாத்தியின் நடுவில் நின்றது. பயற்றங்கொடி இல்லை. கொடி ஏறிய தடிகள் முறிந்து கிடந்தன. பக்கத்தில் நின்ற வெண்டியும் இல்லை. கடைசிக் கொடியின் நுனி மட்டும் அதன் வாயோரத்தில் தொங்கியது. அது என்னைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே அந்த நுனியையும் உள்ளே இழுத்தது.

நான் கையில் கிடைத்ததை எறிந்தேன். கிடைத்தது என் காற்செருப்பு. அது மாட்டுக்கு மேலாகப் பறந்துபோய்க் கிணற்றுக்குள் விழுந்தது. மாடு ஆறுதலாக, அவசரமே இல்லாமல், வந்த வழியே போனது. நான் ஒற்றைச் செருப்போடு தில்லையம்பலத்தாரின் படலைக்குப் போனேன்.

"அண்ணை! வெளியில வாங்கோ!"

அவர் நொண்டி நொண்டி வந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "என்ன தம்பி விடியக்காலமை? எங்கை மற்றச் செருப்பு?"

மாமி, ஒற்றைச் செருப்போடு சண்டைக்குப் போகக் கூடாது. மரியாதை வராது.

"செருப்பை விடுங்கோ. உங்கடை மாடு மாமியின்ரை பயிரெல்லாத்தையும் திண்டுபோட்டுது!"

"மாடெண்டாத் திங்கும்தானே. நீர் உம்முடைய பக்கத்து வேலியை ஒழுங்கா அடைச்சிருந்தா அது ஏன் வருது?"

"அது உங்கடை பக்கம், அண்ணை!"

"வேலிக்கு எங்கையப்பா பக்கம்? வேலியெண்டா நடுவிலதானே நிக்குது."

அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. உச்சியில் ஏதோ ஏறியது. தெருவுக்கே கேட்கச் சொன்னேன்: "இன்னொருக்கா வந்தா உங்கடை மாடு மூண்டு காலோடதான் வீட்டை திரும்பி வரும். சொல்லிப்போட்டன்!"

சிரிப்பு நின்றது. அவர் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். எங்கள் பக்கத்தில் பயிருக்குள் புகுந்த மாட்டின் காலில் கத்தி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவனை நானே ஒருமுறை கடையை விட்டுத் துரத்தியிருக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியில் அந்தச் சொல் என் கூடவே நடந்து வந்தது. இருந்தாலும் திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்ல மனம் வரவில்லை.

கதை சபைக்குப் போனது. பாஸ்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இளம் மனுசன், வந்து இன்னும் அதிக காலமாகவில்லை, எல்லாரிடமும் பொறுமையாகப் பேசுகிறவர். பொழுது படுவதற்குள் கோபத்தை விட்டுவிட வேண்டும் என்று தொடங்கினார்.

"அப்பிடித்தான் பாஸ்டர் செய்யிறன். பின்னேரம் விட்டிடுவன். காலமை எழும்பப் புதுசா வருது."

"அண்ணை, அப்ப இப்பிடிச் செய்யுங்கோ. கோவத்தை ஆண்டவரிட்டைக் குடுத்திட்டு நீங்கள் சும்மா இருங்கோ."

நல்ல புத்தி. நான் அதில் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் பாயை எடுத்து விரித்தேன். எஸ்தருக்கு ஆச்சரியம். விறாந்தையில் வேண்டாம், மேற்கு வேலிப் பக்கம் காற்று வருகிறது, அந்த முற்றத்தில் இருப்போம் என்றேன். கண்ணை மூடி, நல்ல சத்தமாகத் தொடங்கினேன்.

"பரலோகத்தில இருக்கிற பிதாவே, மேற்கு வேலிக்கு அங்கால ஒரு மனுசன் இருக்கிறார். பேர் சொல்லேல்லை, உமக்குத் தெரியும். ஒரு மாட்டை வைச்சிருக்கிறார், கட்டி வைக்கத் தெரியாது. செத்துப்போன ஒரு மனுசியின்ரை பயிரைத் திண்டதுக்கு ஒரு சொல் 'ஐயோ' எண்டு சொல்லேல்லை. கோவத்தை உம்மட்டைக் குடுத்திட்டுச் சும்மா இருக்கச் சொல்லிப் பாஸ்டர் சொன்னவர். இந்தா, குடுக்கிறன். நீரே அவருக்குச் செய்யிறதைச் செய்யும்."

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். வேலிக்கு அப்பால் கற்பூர வாசம் வந்தது. பிறகு மணிச் சத்தம். பிறகு குரல்.

"வைரவப்பா! கிழக்கு வேலிக்கு அங்கால ஒரு வேதக்காரர் இருக்கிறார். கெட்ட மனுசனெண்டு சொல்லமாட்டன். பம்பெல்லாம் திருத்துவார், வேலி திருத்தத்தான் தெரியாது. வாயில்லாச் சீவன்ரை காலை வெட்டுவன் எண்டு சொன்ன மனுசன். நீதான் அவருக்கு ஒரு வழி காட்டவேணும்!"

நான் உடனே கண்ணை மூடினேன். "ஆண்டவரே, இன்னொரு விசயம் சொல்ல மறந்துபோனன்."

எஸ்தர் எழும்பி உள்ளே போய்விட்டாள்.

அடுத்த பின்னேரமும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. நான் தொடங்கினால் அவர் முடிப்பார், அவர் தொடங்கினால் நான் முடிப்பேன். இரண்டு கடவுள்களும் வேலிக்கு மேலாக ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். தெருவில் சைக்கிள்கள் நிற்கத் தொடங்கின. யாரோ ஒருவர் கைபேசியில் பதிந்து அனுப்பி, அது சுற்றிச் சுற்றிக் கொழும்புக்குப் போய்விட்டது. உங்கள் பேத்தி அழைத்தாள்.

"அப்பா, எங்கடை ஒபிசில எல்லாரும் கேட்டுச் சிரிக்கினம். உது ஆரெண்டு எனக்குத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன். ஆனா அப்பா, ஒண்டு சொல்லட்டே? அப்பிடியே அம்மம்மா மாதிரி இருக்குது."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அன்றிரவு படுத்திருக்கும்போது அது மனதில் நின்றது. நான் உங்கள் ஜெபத்தைத்தான் திருடி வைத்திருக்கிறேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ஆண்டவருக்குக் காது கேளாது என்றா கத்துகிறேன்? இல்லை, தில்லையம்பலத்தாருக்குக் கேட்க வேண்டும் என்றுதான் கத்துகிறேன். அப்படியென்றால் அது ஜெபமா? நீங்களும் எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் செய்தீர்களா, மாமி? அல்லது உண்மையாகவே உங்களுக்கு ஆற்றமாட்டாமல், சொல்ல வேறு ஆளில்லாமல் அவரிடம் போனீர்களா? இப்போது கேட்டு என்ன!

பிறகு ஒரு சனிக்கிழமை காலை, தில்லையம்பலத்தாரின் குரல் எங்களை எழுப்பியது. பின்னேர நேரத்துக் குரல் இல்லை அது. நானும் எஸ்தரும் கிணற்றடிக்கு ஓடினோம். அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் அறுந்த கயிறு. சூலத்துப் பக்கம் திரும்பாமல், கடவுள் ஒருவரையும் கூப்பிடாமல், நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, என்ரை மாடு எங்கை?"

"எனக்கென்ன தெரியும்?"

"நீர்தானே சொன்னனீர். மூண்டு காலெண்டு நீர்தானே சொன்னனீர். உண்மையைச் சொல்லும், தம்பி. வெட்டிப்போட்டீரோ?"

மாமி, செய்யாத குற்றத்துக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது மற்றக் கோபங்களைப் போல இல்லை. அதற்கு நியாயமும் சேர்ந்துகொள்ளும். வேலியைப் பிய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போக, அதில் நட்டிருந்த ஒரு கதியாலைப் பிடித்தே விட்டேன். அந்த மனுசனை அன்று அடித்திருப்பேன். முழங்கால் ஏலாத மனுசனை அடித்திருப்பேன்.

அப்போது உங்கள் மகள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்று, கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே," என்று தொடங்கினாள். மெல்லக் கதைக்கிறவள், அன்று சத்தமாகத் தொடங்கினாள். "இந்தப் பக்கம் ஒரு மனுசன் நிக்கிறார். அந்தப் பக்கம் ஒரு மனுசன் நிக்கிறார். இரண்டு பேரும் சண்டைக்கு நிக்கினம். என்ரை அம்மா செத்துப்போனா, ஆண்டவரே. அது இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை. அம்மா போன நாளிலயிருந்து நான் ஒருக்காக்கூட ஒழுங்கா அழேல்லை. பின்னேரம் அழுவமெண்டா ஒராள் கத்துறார். அவர் முடிச்சிட்டாரெண்டு பாத்தா மற்றாள் கத்துறார். றோட்டில சனம் நிண்டு சிரிக்குது. சரி, காலமை அழுவமெண்டா இண்டைக்கு மாட்டைக் காணேல்லை. எனக்கு ஒரு அரைமணித்தியாலம் வாங்கித் தாரும். இவையின்ரை வாயை மூடும். நான் என்ரை அம்மாவுக்கு அழவேணும்."

ஆமென் சொல்லவில்லை. அப்படியே உங்கள் பாத்தியின் ஓரத்தில், சாணத்தையும் பார்க்காமல், நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு அழத் தொடங்கினாள். அடக்கத்தன்று வந்தவர்களுக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, எல்லாரையும் ஆற்றிக்கொண்டு திரிந்த பெண், "அம்மா, அம்மா" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

நான் கதியாலிலிருந்து கையை எடுத்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வேலிக்கு அப்பால் தில்லையம்பலத்தார் தோளிலிருந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மாட்டைத் தேடிப் போக வேண்டிய மனுசன், அசையாமல் நின்றார். நான் எஸ்தரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாதையும் தம்பி," என்றார் மெல்ல. "தங்கச்சி அழட்டும். மாட்டைப் பிறகு பாப்பம்."

நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அங்கே நிற்கும்போதுதான் எனக்குப் புரிந்தது, மாமி. பயற்றங்கொடிக்கு ஒருவனும் இவ்வளவு கோபப்படமாட்டான். நீங்கள் போனதும் எனக்குச் சண்டை பிடிக்க வீட்டில் ஆளில்லாமல் போய்விட்டது. வெளியில் ஒருவரைப் பிடித்துக்கொண்டேன். பாவம், முழங்கால் நோவுக்காரர்.

எஸ்தர் அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, எழும்பினாள். "சரி, வாங்கோ. மாட்டைப் பாப்பம்," என்றாள். மூன்று பேரும் புறப்பட்டோம். குளக்கட்டுப் பக்கம் பார்த்தோம். வயல் வரம்பெல்லாம் பார்த்தோம். நான் மனதுக்குள் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே நடந்தேன்: ஆண்டவரே, அந்த மாடு நாலு காலோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் போனபிறகு நான் செய்த முதல் ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒருவருக்கும் கேட்கவில்லை.

சபைக் கோயிலடியால் திரும்பும்போது ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். கோயில் வளவுக்குள் மாடு நின்றது. வாசலில் சபைப் பெண்கள் நட்டு வளர்த்திருந்த பூக்கன்று வரிசையில் அரைவாசி இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கோயில் கூட்டும் தும்புத்தடியை ஓங்கிக்கொண்டு, மாட்டைச் சுற்றிச் சுற்றி ஒரு மனுசன் ஓடினார்.

"போ! போ சனியனே! நாசமாப் போன மாடே! உன்ரை காலை முறிச்சு..." என்று வந்தவர் திரும்பினார், எங்களைக் கண்டார். தும்புத்தடி மெல்ல இறங்கியது. "ஸ்தோத்திரம் அண்ணை," என்றார் பாஸ்டர்.

தில்லையம்பலத்தார் தொண்டையைச் செருமினார். வேலிக்கு மேலாக என் ஜெபம் முழுவதையும் கேட்ட மனுசன் அல்லவா?

"பாஸ்டர்," என்றார் மிகவும் மரியாதையாக, "கோவத்தை ஆண்டவரிட்டைக் குடுத்திட்டு நீங்கள் சும்மா இருங்கோ."

முதலில் சிரித்தது எஸ்தர்தான். வீங்கிச் சிவந்த கண்ணோடு, மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பாஸ்டர் சிரித்தார். பிறகு நாங்கள். மாடு மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரித் தின்றுகொண்டு நின்றது. பாஸ்டர், இந்தப் பந்தியை வெட்டினால் நான் வேறு சபைக்குப் போவேன்.

மாட்டின் பின்னங்காலில் முள்ளுக்கம்பி கீறிய காயம் ஒன்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, நான் மாட்டைப் பிடிக்க, அவர் வேப்பெண்ணெய் போட்டார். குனிந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அண்ணை, அண்டைக்கு நான் சொன்னது பிழை."

"எண்டைக்குச் சொன்னது? கனக்கச் சொன்னனீரே."

"மூண்டு காலெண்டது."

அவர் எண்ணெய்ச் சிரட்டையை நிலத்தில் வைத்தார். "அதுக்குப் பிறகு எனக்கு ஒழுங்கா நித்திரையில்லை, தம்பி. நாய் குலைச்சாலும் எழும்பிப் போய் இதின்ரை காலைத் தடவிப் பாக்கிறனான்." சிரட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டே, "பயிருக்கு நானும் ஒரு சொல் சொல்லியிருக்கவேணும். உம்முடைய மாமி, அன்னம்மா அக்கா, எனக்கும் எத்தினை நாள் அதிலயிருந்து பயற்றங்காய் தந்தவா," என்றார்.

கோபத்தில் சொன்ன சொல்லைச் சொன்னவன் மறந்துவிடலாம், கேட்டவன் எழும்பிப் போய் இருட்டில் மாட்டின் காலைத் தடவிப் பார்க்கிறான். இதை எந்தப் பிரசங்கத்திலும் எனக்கு ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. அந்தக் கிழமை முழுவதும் அது என்னைத் தின்றது.

வேலியை இரண்டு பேரும் சேர்ந்து அடைத்தோம். சமாதானமாக அடைத்தோம் என்று எழுத ஆசைதான். கதியாலை எங்கே நடுவது என்பதில் இரண்டு முறை வேலையை நிறுத்தினோம். ஒருமுறை அவர் குழி தோண்டின அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார். தேத்தண்ணி கொடுத்து எஸ்தர்தான் கூட்டிவந்தாள். தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்:

"ஆனா ஒண்டு, தம்பி. உம்முடைய ஜெப நேரம் வருகுதெண்டா நான் வெள்ளனவே குளிச்சு, வேட்டி மாத்தி, ஆயத்தமா நிப்பன். இப்ப பின்னேரத்தில ஒரு சத்தமுமில்லை. ஒரு மாதிரிக் கிடக்குது."

தனியாக இருக்கிற மனுசன். சண்டையென்றாலும் ஒரு பேச்சுத்தானே அவருக்கு? இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். தன் பிள்ளைகளைப் பற்றி முறைப்பாடு சொல்லுவார். நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதேயுங்கள். கோபம் வருகிறது. போன கிழமை வவுனியாவில் வங்கி வரிசையில் ஒருவன் எனக்கு முன்னால் புகுந்தான். முன்பென்றால் அவனுடைய சட்டையைப் பிடித்திருப்பேன். இப்போது முதலில் ஆண்டவரிடம் வாய் அசையாமல் சொல்லுகிறேன். அவனுடைய முகம், சட்டையின் நிறம், பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற விதம், எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொல்லுகிறேன். அவரிடம் அலங்காரம் தேவையில்லை, கெட்ட வார்த்தையும் நடுவில் வரும், அவர் பொறுத்துக்கொள்ளுகிறார். அன்று முழு விபரமும் சொல்லி முடிப்பதற்குள் என் முறை வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம்.

விசுவாசம் என்றால் பெரிய காரியங்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். யுத்த காலத்தில், இடம்பெயர்ந்து ஓடியபோது, எல்லாரும் விசுவாசமாகத்தான் இருந்தோம், வேறு வழியில்லை. மாடு பயிரைத் தின்கிற நாளில்தான் அது கடினமாக இருக்கிறது. ஒருமுறை சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும் என்று நம்பிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, வேலியை அடைக்கப் போவது. பாஸ்டர் சொன்ன இரண்டாவது பாதி அதுதானோ என்னவோ. முழுவதும் பிடிபட்டது என்று சொல்லமாட்டேன். நீங்கள் அங்கே கேட்டுப் பார்த்துச் சரிபிழை தெரிந்துகொள்ளலாம்.

இப்போது எஸ்தர் அழுகிறாள், மாமி. பயப்படாதேயுங்கள், நல்லதுக்குத்தான். அரிசி கழுவும்போது திடீரென்று வரும். பஸ்ஸில் வரும். ஒருநாள் கோயிலில் பாட்டின் நடுவில் வந்தது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், அவள் அழுதால் உடனே ஏதாவது சொல்ல வேண்டும் போல இருக்கும். "வயசு போனதுதானே", "கஸ்ரப்படாமல் போனா", இப்படி. சொன்னால் அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஆற்றத் தொடங்குகிறாள். பிறகு அவளுடைய அழுகை எங்கே போவது?

ஆகவே இது என் வாக்கு. உங்கள் மகள் அழும்போது பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன். புத்தி சொல்லமாட்டேன். மணிக்கூட்டைப் பார்க்கமாட்டேன். கடையில் பத்துப் பம்பு வந்து காத்திருந்தாலும் அவள் முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

குசினியில் ஒரு சட்டி விழுந்த சத்தம் கேட்கிறது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அழுகிறாளா, என் மேல் கோபமா என்று இங்கேயிருந்து தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் கதிரையைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
எஸ்தரின் புருசன்,
உங்கள் வாய் அடங்காத மருமகன்
அருள்ராசா